லிங்கன் ஊர்ப் பழைய கோர்ட்டும் சிறையும்: குடும்பத்தோடு போய்ப் பார்க்கலாமா?

கயல்_எல்பாசோ:

எல்லாருக்கும் வணக்கம். அடுத்த மாதம் நாங்கள் எல்பாசோவிலிருந்து கிளம்பி நியூ மெக்சிகோ மாநிலத்து ருய்டோசோவில் இரண்டு இரவு தங்கப் போகிறோம். அங்கிருந்து லிங்கன் என்ற கிராமம் பக்கம்தான். 1881-ல் பில்லி தி கிட் என்ற பேர்போன துப்பாக்கிக்காரன் காவலிலிருந்து தப்பித்துப் போன கோர்ட் கட்டடம் அங்கே அருங்காட்சியகமாக இருக்கிறதாம். என் மகன் ஐந்தாம் வகுப்பு. பள்ளியில் பில்லியைப் பற்றி ஒரு பாடம் நடந்ததிலிருந்து, அவன் காவலரைச் சுட்ட ஜன்னலைப் பார்த்தே ஆக வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான்.

எனக்குத் தெரிய வேண்டியது இதுதான். அங்கே இருப்பது அசல் கட்டடமா, இல்லை சுற்றுலாவுக்காகக் கட்டி வைத்ததா? உள்ளே நிஜமாகவே சிறை அறை இருக்கிறதா? இன்னொரு விஷயமும் உறுத்துகிறது. இரண்டு காவலர்களைச் சுட்டுக் கொன்றவனை வீரனாக்கிக் காட்டும் இடம் என்றால் பையனைக் கூட்டிப்போக எனக்கு மனசில்லை. ஊரிலிருந்து அப்பாவும் வந்திருக்கிறார். மளிகைக் கடையாக இருந்த கட்டடத்தை எதற்காகக் கோர்ட்டாக்கினார்கள் என்று அவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

சாண்டியா_ராஜா:

கயல், தாராளமாகப் போகலாம். ருய்டோசோவிலிருந்து 70-ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே ஹோண்டோ வரை வந்து, அங்கே இடதுபுறம் 380-இல் திரும்பினால் பத்து மைலில் லிங்கன். ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்குச் சாலை, பார்க்க அழகாக இருக்கும். பெட்ரோலை ருய்டோசோவிலேயே போட்டுக்கொள்ளுங்கள். குடிக்கத் தண்ணீரும் கொறிக்க ஏதாவதும் கையில் இருக்கட்டும்.

ஊரே ஒரே ஒரு தெருதான், நெடுஞ்சாலையேதான் அந்தத் தெரு. நியூ மெக்சிகோ மாநிலத்தின் வரலாற்றுத் தலங்கள் துறை அந்தத் தெருவில் பல கட்டடங்களைச் சேர்த்துப் பராமரிக்கிறது. கோர்ட் மேற்குக் கோடியில். டன்ஸ்டால் கடை, வட்டமான கல் கோபுரம், தேவாலயம் எல்லாம் நடந்தே பார்த்துவிடலாம். எந்தக் கட்டடம் எந்த நாளில் திறந்திருக்கும் என்பது பருவத்துக்குப் பருவம் மாறும், கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். ஜூலை, ஆகஸ்டு என்றால் மதியத்துக்கு மேல் இடியோடு மழை வரும், காலையிலேயே போய்விடுவது நல்லது. ஆகஸ்டு முதல் வார இறுதியில் பில்லி தப்பித்ததை ஊர்க்காரர்கள் நாடகமாகவே போடுவார்கள். கூட்டம் பிடிக்கும் என்றால் அப்போது போகலாம்.

மற்ற கேள்விகளுக்கு நம் ஹெட்கிளார்க் ஐயா வந்தால்தான் சரியாக இருக்கும். லிங்கன் என்றால் அவர் விடமாட்டார்.

ஹெட்கிளார்க்_ஓய்வு:

அம்மா கயல், உங்கள் அப்பா கேட்ட கேள்விதான் சரியான கேள்வி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தமிழ்நாட்டில் ஒரு தாலுகா ஊர் மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் குமாஸ்தாவாகச் சேர்ந்து தலைமை எழுத்தராக ஓய்வு பெற்றவன். மகன் லாஸ் குரூசஸில் இருக்கிறான். இங்கே வந்தால் லிங்கனுக்குப் போகாமல் திரும்புவதில்லை. மற்றவர்கள் பில்லிக்காகப் போகிறார்கள், எனக்கு அந்தக் கட்டடம்தான் முக்கியம். ஒரு கோர்ட் எப்படி இருக்கக் கூடாது என்பதும், அப்படி இருந்தும் ஒரு கவுன்டி, நம் ஊர் மாவட்டம் மாதிரி, அதை வைத்து எப்படி ஒப்பேற்றியது என்பதும் அங்கே சுவரிலும் படிக்கட்டிலும் தெரியும்.

கட்டடம் அசல்தான். 1873, 74-இல் லாரன்ஸ் மர்ஃபி என்பவர் தன் கடைக்காகக் கட்டியது. பச்சைச் செங்கல், அதாவது சுடாத மண் கல். இரண்டு மாடி. அந்தச் சின்ன ஊரில் அவ்வளவு பெரிய வீடு வேறு இல்லாததால் எல்லாரும் அதை வெறுமனே ‘வீடு’ என்றே சொன்னார்கள். மர்ஃபியும் அவருடைய கூட்டாளி ஜேம்ஸ் டோலனும் வெறும் கடைக்காரர்கள் இல்லை. ஒன்பது மைல் தள்ளி ஸ்டான்டன் கோட்டையில் ராணுவம். தெற்கே மெஸ்கலேரோ அபாச்சி மக்களின் ஒதுக்கீட்டு நிலம். இரண்டுக்கும் மாட்டிறைச்சியும் மாவும் கொடுக்கும் அரசாங்க ஒப்பந்தம் இவர்கள் கையில். விவசாயி விதைக்கும் அவர்களிடம்தான் கடன் வாங்க வேண்டும், விளைந்ததையும் அவர்களிடம்தான் விற்க வேண்டும். கவுன்டியின் போலீஸ் தலைவரான ஷெரீஃப் அவர்கள் ஆள். ஊரில் சட்டம் என்றால் அந்தக் கடையின் கல்லாப்பெட்டிதான்.

1877-இல் ஜான் டன்ஸ்டால் என்ற இங்கிலாந்து இளைஞர், வக்கீல் அலெக்ஸாண்டர் மெக்ஸ்வீனோடு சேர்ந்து அதே தெருவில் போட்டிக் கடை வைத்தார். 1878 பிப்ரவரி 18-இல் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருக்கு வயது 24. கொன்றவர்கள் யார் தெரியுமா? ஷெரீஃபின் ஜப்தி உத்தரவோடு போன கூட்டம். ஜப்திக்கு அமீனாவோடு போய் வந்த அனுபவம் எனக்கும் உண்டு என்பதால் அந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் மனசு கொதிக்கும். கோர்ட் கொடுத்த காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொலை செய்திருக்கிறார்கள். டன்ஸ்டாலிடம் வேலை பார்த்தவர்களில் ஒருவன்தான் பில்லி. ஏப்ரல் 1-ஆம் தேதி அவனும் அவன் சகாக்களும் டன்ஸ்டால் கடைக்குப் பக்கத்துச் சுவருக்குப் பின்னால் பதுங்கியிருந்து ஷெரீஃப் வில்லியம் பிரேடியை நட்ட நடுத் தெருவில் சுட்டார்கள். துணை ஷெரீஃப் ஜார்ஜ் ஹிண்ட்மனும் செத்தார். ஜூலையில் ஐந்து நாள் ஊருக்குள்ளேயே சண்டை. மெக்ஸ்வீன் வீட்டைக் கொளுத்தி அவரையும் கொன்றார்கள்.

சண்டையில் டோலன் பக்கம் ஜெயித்தாலும் வியாபாரம் படுத்துவிட்டது. கடன் கொடுத்திருந்த சாண்டா ஃபேயின் பெரும்புள்ளி தாமஸ் கேட்ரன் கைக்குச் சொத்து போனது. கவுன்டிக்குக் கோர்ட் நடத்த ஒழுங்கான இடம் இல்லை. ஊரில் பெரிய கட்டடம் அது ஒன்றுதான். வாங்கிவிட்டார்கள். உங்கள் அப்பாவுக்குப் பதில் அவ்வளவுதான். எந்தக் கடை ஊர்ச் சட்டத்தைச் சட்டைப்பையில் வைத்திருந்ததோ, அதே கடை மாடியில் நீதிபதி உட்கார்ந்தார்.

இனி சிறைக்கு வருகிறேன். ஊரில் 1877-இல் கட்டிய ஒரு சிறை இருந்தது. அதைச் சிறை என்பதைவிடக் குழி என்பது பொருந்தும். மேலே காவல்காரருக்கு ஓர் அறை, கீழே மண்ணுக்குள் தோண்டிய கொட்டடி, ஏணி வைத்து இறக்கிவிட்டு மேலே பலகையை மூடிவிடுவார்கள். கட்டிய வருடமே ஜெஸ்ஸி எவன்ஸும் அவன் ஆட்களும் அதிலிருந்து தப்பிப் போனார்கள். அதனால் 1881 ஏப்ரல் 21-ஆம் தேதி பிரேடி கொலைக்குத் தூக்குத் தண்டனை பெற்ற பில்லியை, விசாரணை நடந்த மெசியா ஊரிலிருந்து கொண்டு வந்தபோது புது ஷெரீஃப் பேட் காரெட் அவனை அந்தக் குழியில் போடவில்லை. புதிதாக வாங்கிய கோர்ட்டின் மாடியில் வடகிழக்கு மூலை அறையில் வைத்தார். கம்பி போட்ட கூண்டு இல்லை. சாதாரண அறை. ஜன்னல் உண்டு, ஜன்னலுக்குக் கீழே தெரு. கையில் விலங்கு, காலில் விலங்கு, பாராவுக்கு ஜேம்ஸ் பெல், பாப் ஒலிஞ்சர் என்று இரண்டு பேர். தூக்குக்கு மே 13 என்று நீதிபதி வாரன் பிரிஸ்டல் நாள் குறித்திருந்தார்.

நீங்கள் உள்ளே போனதும் மாடிப்படியில் நின்று இதை யோசித்துப் பாருங்கள். அதே மாடியில் துப்பாக்கிகள் வைத்திருந்த அறை. அதே மாடியில் இன்னோர் அறையில் துலரோசாவிலிருந்து வந்த ஐந்து பேர், வாய்க்கால் தண்ணீர்த் தகராறில் நடந்த கொலைக்காக. கழிப்பறையோ கட்டடத்துக்கு வெளியே, பின்பக்கம். ஒவ்வொரு தடவையும் கைதியை அழைத்துக்கொண்டு குறுகலான படியில் இறங்கி ஏற வேண்டும். எங்கள் கோர்ட்டில் கைதியைக் கொண்டு வரும் போலீஸ்காரர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதே, தனியாக ஓர் ஆள் கூடப் போகக் கூடாது என்பதுதான்.

ஏப்ரல் 28 அன்று காரெட் ஊரில் இல்லை, வரி வசூலுக்கு ஒயிட் ஓக்ஸ் என்ற சுரங்க ஊருக்குப் போயிருந்தார். அங்கே ஷெரீஃப்தான் வரி வசூல்காரரும். சாப்பாட்டு வேளையில் ஒலிஞ்சர் அந்த ஐந்து பேரையும் கூட்டிக்கொண்டு எதிர்ச்சாரியில் இருந்த வோர்ட்லி ஹோட்டலுக்குப் போனார். பெல் மட்டும் பில்லியோடு. பின்பக்கம் போய்த் திரும்பும்போது மாடிப்படியில் பெல்லைச் சுட்டான். துப்பாக்கி எங்கிருந்து வந்தது என்பதில் இரண்டு கட்சி இன்றைக்கும் உண்டு. விலங்கைக் கழற்றிக்கொண்டு பெல்லின் துப்பாக்கியையே பிடுங்கினான் என்பது ஒன்று, கழிப்பறையில் யாரோ ஒளித்து வைத்திருந்தார்கள் என்பது இன்னொன்று. பெல் தள்ளாடிப் பின்வாசல் வழியாக வெளியே வந்து காட்ஃப்ரி காஸ் என்ற வயதான ஜெர்மன்காரரின் கையில் உயிரை விட்டார். சத்தம் கேட்டு ஒலிஞ்சர் தெருவைக் கடந்து ஓடி வந்தார். கிழக்கு ஜன்னலில் பில்லி காத்திருந்தான், ஒலிஞ்சருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியோடு.

உங்கள் மகன் பார்க்க ஆசைப்படும் ஜன்னல் அதுதான். மண்சுவர் தடிமன் என்பதால் ஜன்னல் உள்ளே நன்றாகக் குழிந்திருக்கும், விளிம்பில் ஓர் ஆள் சாய்ந்து நிற்கலாம். அங்கிருந்து கீழே பார்த்தால் ஒலிஞ்சர் விழுந்த இடத்தில் ஒரு கல் நட்டிருப்பது தெரியும். படிக்கட்டின் அடியில் சுவரில் ஓர் ஓட்டையைக் காட்டி பெல்லைச் சுட்ட குண்டு என்பார்கள், பையன்கள் எல்லாம் அதில் கண்ணை வைத்துப் பார்ப்பார்கள். எனக்கு அதைவிட அந்தப் படிக்கட்டின் திருப்பம்தான் முக்கியம். மேலே நிற்பவருக்குக் கீழே வருபவர் தெரியமாட்டார், கீழே நிற்பவருக்கு மேலே இருப்பவர் தெரியமாட்டார். கைதியை ஒரு நொடி முன்னே விட்டால் போதும்.

வீரனாக்கிக் காட்டுகிறார்களா என்று கேட்டீர்கள். கடைகளில் விற்கும் பனியன்களில் அப்படித்தான் இருக்கும். கட்டடத்துக்குள் அப்படி இல்லை. பெல் கைதியிடம் மரியாதையாக நடந்துகொண்டவர் என்று எல்லாப் பக்கத்தாரும் எழுதியிருக்கிறார்கள். ஒலிஞ்சர் அப்படி இல்லை, தினமும் சீண்டினார் என்பதும் பதிவாகியிருக்கிறது. மகனிடம் பில்லி பெயரைச் சொல்லும் அளவுக்கு பெல்லின் பெயரையும் சொல்லுங்கள். வேலைக்குப் போன இடத்தில் செத்த மனிதர்.

கயல்_எல்பாசோ:

ஐயா, மிக்க நன்றி. அப்பாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஜப்தி உத்தரவு இடத்தில் நிறுத்தி மறுபடி வாசிக்கச் சொன்னார். ஒரே ஒரு சந்தேகம். சுட்ட பிறகு உடனே ஓடிவிட்டானா? ஊர்க்காரர்கள் யாருமே தடுக்கவில்லையா? மகன் கேட்கிறான்.

ஹெட்கிளார்க்_ஓய்வு:

நல்ல கேள்வி தம்பி. உடனே ஓடவில்லை. ஏறக்குறைய ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தான். கால் விலங்கோடு குதிரை ஏற முடியாது. முன்பு டன்ஸ்டாலிடம் சமையல் வேலை பார்த்த அதே காஸிடம் ஒரு கொந்தாலி வாங்கி, நடுவில் சங்கிலியை அறுத்தான். இரண்டு காலும் பிரிந்ததே தவிர வளையங்கள் கூடவே தொங்கின, அவற்றைத் தூக்கி இடுப்பில் கட்டிக்கொண்டான். குதிரை கவுன்டி குமாஸ்தா பில்லி பர்ட்டுடையது. குமாஸ்தாவின் குதிரையைக் கொண்டு போய்விட்டானே என்று நான் கவலைப்பட்டேன், ஆனால் சொன்னபடி திருப்பி அனுப்பிவிட்டான்.

ஊர்க்காரர்கள் தெருவில் நின்று பார்த்தார்கள். யாரும் கிட்டே வரவில்லை. பயம் ஒரு காரணம். ஆனால் அது மட்டும் இல்லை. அந்த ஊரில் பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள், ஊரின் முதல் பெயரே லா பிளாசிட்டா தெல் ரியோ போனிட்டோ. 1869-இல் கவுன்டி அமைந்தபோதுதான் ஜனாதிபதி லிங்கன் பெயர் வந்தது. பில்லி அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசினான், அவர்கள் வீட்டு நடனங்களுக்குப் போனான். 1879-இல் ஆளுநர் லூ வாலஸோடு பேசி வைத்துக்கொண்டு சரணடைந்தபோது அவனை ஊரில் ஹ்வான் பத்ரோன் வீட்டில்தான் காவலில் வைத்தார்கள். அவன் ஜன்னலுக்கு வெளியே ஊர்க்காரர்கள் வாத்தியம் வாசித்துப் பாடியதைக் கேட்டு ஆளுநரே ஆச்சரியப்பட்டு எழுதியிருக்கிறார்.

பத்ரோன் என்ற பெயரை மகன் குறித்து வைத்துக்கொள்ளட்டும். படித்தவர், கோர்ட் குமாஸ்தாவாக இருந்தவர், 1878-இல் நியூ மெக்சிகோ பிரதேச சட்டமன்றத்தின் அவைத்தலைவர் ஆனார். அவருடைய அப்பாவை 1873-இல் ஒரு நடனக் கூடத்தில் வெளியூர்க் கும்பல் சுட்டுக் கொன்றது. லிங்கன் சண்டையைப் பற்றிப் பேசுபவர்கள் எல்லாரும் ஆங்கிலப் பெயர்களையே சொல்வார்கள். ஆனால் அந்தத் தெருவில் நிலம் உழுது, வாய்க்கால் வெட்டி, அந்த வட்டக் கல் கோபுரத்தை அபாச்சிகளுக்குப் பயந்து கட்டி, இரண்டு கடைக்காரர்களின் சண்டையில் நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் இவர்கள்.

வாசகி_டென்வர்:

ஐயா எழுதியதற்கு ஒரு சின்ன மறுப்பு, கோபித்துக்கொள்ள வேண்டாம். பெல்லுக்காக வருத்தப்படுவது சரி. ஆனால் பில்லிக்கு நடந்ததும் நியாயம் இல்லையே. ஆளுநர் வாலஸ், சாட்சி சொன்னால் மன்னிப்புத் தருகிறேன் என்று எழுத்திலேயே நம்பிக்கை கொடுத்தார். பில்லி சொன்ன சொல்லுக்கு வந்து ஜூரி முன் சாட்சி சொன்னான். அரசு வக்கீல் அவனை விடவில்லை, ஆளுநரும் கடைசியில் கைவிரித்தார். 1881 மார்ச்சில் சாண்டா ஃபே சிறையிலிருந்து அவன் வாலஸுக்கு எழுதிய கடிதங்களைப் படித்தால் யாருக்கும் மனசு இளகும். ஒன்றுக்கும் பதில் இல்லை. இந்த மன்னிப்பு விவகாரம் 2010 டிசம்பர் 31 வரை நீண்டது. அன்றைக்குத்தான் ஆளுநர் பில் ரிச்சர்ட்சன் பதவியிலிருந்து இறங்கும் நேரத்தில், மன்னிப்பு இல்லை என்று அறிவித்தார்.

அப்புறம், அந்தச் சண்டையில் எத்தனையோ பேர் கொலை செய்தார்கள். தண்டனை கிடைத்தது இவன் ஒருவனுக்குத்தான் இல்லையா?

ஹெட்கிளார்க்_ஓய்வு:

கோபமே இல்லை அம்மா. நீங்கள் கடைசியாகச் சொன்னதுதான் என்னை அந்த ஊருக்குத் திரும்பத் திரும்ப இழுக்கிறது. ஆமாம், ஒருவனுக்குத்தான். 1879 ஏப்ரலில் லிங்கனில் கூடிய பெரிய ஜூரி, அதாவது யார் மேல் வழக்கு நடத்தலாம் என்று முடிவு செய்யும் ஜூரி, கிட்டத்தட்ட இருநூறு குற்றச்சாட்டுகளைப் பதிவு செய்தது. நான் அத்தனை கட்டுகளையும் கட்டி அடுக்கி நம்பர் போட்டவன் போலவே நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு கட்டும் என்ன ஆயிற்று? வாலஸ் அறிவித்த பொது மன்னிப்பைக் காட்டிச் சிலர் வெளியே வந்தார்கள். சிலர் வழக்கை வேறு கவுன்டிக்கு மாற்றிக்கொண்டு வெளியே வந்தார்கள். டோலன் மேல் வந்த வழக்கும் நிற்கவில்லை, பின்னாளில் டன்ஸ்டாலின் நிலமே அவர் கைக்கு வந்தது. பிரேடி கொலைக்கு மெசியாவில் நடந்த விசாரணை மட்டும் சில நாளில் முடிந்து தீர்ப்பு வந்தது. பணமும் இல்லை, ஆளும் இல்லை, அவனுக்கு மட்டும் சட்டம் நேரத்துக்கு வேலை செய்தது.

ஆனால் இதை வைத்து பெல்லின் சாவை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆளுநர் வாக்கு தவறியதற்கும் படிக்கட்டில் சுடப்பட்டவருக்கும் சம்பந்தம் இல்லை. மாதச் சம்பளத்துக்குப் பாரா பார்த்தவர். மேலே இருப்பவர்கள் செய்த அநியாயத்துக்கு எப்போதும் கீழே படியில் நிற்பவன்தான் அடி வாங்குகிறான். என் வேலையில் அதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

தண்டனையே ஒரு கோர்ட்டின் அளவுகோல் இல்லை என்பதற்கும் அந்தக் கட்டடத்தில் சாட்சி இருக்கிறது. பில்லி தப்பித்த பிறகும், 1881 ஜூலை 14-இல் ஃபோர்ட் சம்னரில் காரெட் அவனைச் சுட்டுக் கொன்ற பிறகும், முப்பது வருடத்துக்கு மேல் அங்கே கோர்ட் நடந்தது. நிலப் பத்திரம், உயில், மாட்டுச் சூட்டுக்குறித் தகராறு, வாய்க்கால் வழக்கு. யாரும் அதைப் பற்றிப் படம் எடுக்கமாட்டார்கள். ஆனால் கொலை செய்து தீர்த்துக்கொண்ட ஊரில் மக்கள் மனு எழுதிக்கொண்டு அந்த மாடிக்கு வரத் தொடங்கியதைவிடப் பெரிய விஷயம் எனக்கு எதுவும் இல்லை.

சாண்டியா_ராஜா:

அப்படி இருந்தால் கோர்ட்டை ஏன் அங்கிருந்து எடுத்துவிட்டார்கள் ஐயா? கரிசோசோவில்தானே இப்போது கவுன்டி அலுவலகம்?

ஹெட்கிளார்க்_ஓய்வு:

ரயில் வந்ததுதான் காரணம் ராஜா. எல்பாசோவிலிருந்து வடக்கே போன பாதை லிங்கன் பக்கம் வரவில்லை, கரிசோசோ வழியாகப் போனது. 1909-இல் வாக்கெடுப்பு வைத்துக் கவுன்டித் தலைநகரை அங்கே மாற்றுவது என்று முடிவானது. லிங்கன்காரர்கள் விடவில்லை. வழக்குப் போட்டார்கள். ஒரு கிராமத்தில் கோர்ட் எங்கே இருப்பது என்ற வழக்கு வாஷிங்டன் உச்ச நீதிமன்றம் வரை போய் 1913-இல்தான் முடிந்தது. லிங்கன் தோற்றது.

ஊர் தோற்றதால்தான் கட்டடம் பிழைத்தது என்று நினைக்கிறேன். பணம் புழங்கும் ஊராக இருந்திருந்தால் அதை இடித்துவிட்டுச் செங்கல்லில் ஒரு புது கோர்ட் கட்டியிருப்பார்கள். இங்கே அப்படி யாருக்கும் வசதியும் இல்லை, அவசரமும் இல்லை. கொஞ்ச காலம் பள்ளிக்கூடமாக இருந்தது. பில்லியைக் கட்டிப்போட்ட மாடியில் பிள்ளைகள் வாய்ப்பாடு சொன்னார்கள். 1930-களின் பொருளாதார மந்தத்தில் அரசாங்கம் வேலை கொடுப்பதற்காக நடத்திய திட்டத்தின் கீழ் பழுது பார்த்து, 1939-இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். 1960-இல் அந்த ஊரே தேசிய வரலாற்றுச் சின்னம் ஆனது.

மண் கட்டடத்தைக் காப்பது லேசான வேலை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மண் கல்லுக்கு மழைதான் எதிரி. கூரையிலிருந்து சொட்டும் தண்ணீர் சுவரின் அடியில் தேங்கினால் அடியே கரைந்துவிடும், மேலே பார்த்தால் ஒன்றும் தெரியாது. மேல்பூச்சு விழ விழப் பூசிக்கொண்டே இருக்க வேண்டும். சிமென்ட் பூச்சு போட்டால் ஈரம் உள்ளேயே தங்கிச் சுவர் உளுத்துப்போகும். அதனால் மண் பூச்சும் சுண்ணாம்புப் பூச்சும் தெரிந்த ஆட்கள் வேண்டும். நீங்கள் கொடுக்கும் நுழைவுக் கட்டணம் இந்தப் பராமரிப்புக்கும் உதவுகிறது, அதனால் தெருவிலிருந்து படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல் டிக்கெட் வாங்கி உள்ளே போங்கள்.

கயல்_எல்பாசோ:

கட்டாயம் போகிறோம் ஐயா. காலையில் கிளம்பி முதலில் கோர்ட்டா, டன்ஸ்டால் கடையா, எதைப் பார்ப்பது நல்லது? அப்பாவுக்கு முழங்கால் வலி, மாடி ஏறுவாரா தெரியவில்லை.

ஹெட்கிளார்க்_ஓய்வு:

முதலில் டன்ஸ்டால் கடை அம்மா. அதில் பழைய அலமாரித் தட்டுகளும் விற்பனைச் சாமான்களும் அப்படியே இருக்கின்றன. அலமாரியில் இருக்கும் சாமானைப் பார்த்த பிறகு, இந்த வியாபாரத்துக்காகவா அத்தனை பேர் செத்தார்கள் என்பது பையனுக்குத் தானாகவே புரியும். வெளியே வந்து பிரேடி விழுந்த இடம், பிறகு தெருவோடு மேற்கே நடந்து கோர்ட். அப்படி நடந்தால் கதையின் வரிசையிலேயே போவீர்கள்.

அப்பா மாடி ஏற முடியாவிட்டால் கீழேயே பார்க்க நிறைய இருக்கிறது, ஊரின் கதையையும் பழைய படங்களையும் கீழே வைத்திருக்கிறார்கள். ஆனால் முடிந்தால் மெதுவாகக் கைப்பிடியைப் பிடித்து ஒரு தடவை ஏறச் சொல்லுங்கள். கோர்ட் அறை மாடியில்தான். நேரம் மிச்சம் இருந்தால் கட்டடத்தின் பின்பக்கம் போய் காஸ் நின்ற இடத்திலிருந்து மேலே பாருங்கள். பெரும்பாலோர் முன்பக்கப் பால்கனியைப் படம் எடுத்துவிட்டுப் போய்விடுவார்கள்.

எல்பாசோ திரும்பும் வழியில் மெசியாவையும் சேர்த்துக்கொள்ளலாமா என்று யோசிக்க வேண்டாம், அது லாஸ் குரூசஸ் பக்கம், சுற்று அதிகம். வேறு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். பில்லிக்குத் தீர்ப்புச் சொன்ன கட்டடம் சதுக்கத்து மூலையில் இன்னும் நிற்கிறது, இப்போது கடையாக இருக்கிறது. நான் ஊரில் இருந்தால் உங்கள் அப்பாவை நானே கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறேன்.